கைவேலைக்கு என்ன விலை? பின்வளவில் செய்த நீளச் சைக்கிள் சொல்லும் வியாபாரக் கணக்கு

வாங்கி விற்கும் பொருளுக்கு விலை போட எமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கொள்விலை, ஏற்றுக்கூலி, கடை வாடகை, ஆள் சம்பளம், கடனுக்குப் போன சாமானின் தாமதம் என்று எல்லாவற்றையும் மனக்கணக்காகவே கூட்டி ஒரு விலையைச் சொல்லிவிடுவோம். ஆனால் தன் கையாலேயே ஒரு பொருளைச் செய்தவரிடம் அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள். சாமானுக்குப் போன காசைச் சொல்வார். அதற்கு மேல் கொஞ்சம் வைத்துக் கேட்பார். தான் உழைத்த நாட்களை ஒரு செலவாக அவர் எண்ணுவதேயில்லை. எமது சமூகத்தில் நல்ல கைத்தொழில் தெரிந்த பல இளைஞர்கள் இரண்டு வருடத்தில் கடையை மூடிவிட்டு விமானம் ஏறுவதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

பாணந்துறையில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்து வருபவன் நான். எனது தங்கச்சியின் மகனுக்கு வயது இருபத்து மூன்று. கேட் செய்யும் ஒரு வெல்டிங் பட்டறையில் நான்கு வருடம் வேலை பழகியவர். அவர் வீட்டுப் பின்வளவில் மூன்று மாதமாகத் தட்டியும் தேய்த்தும் ஒரு நீளச் சைக்கிளைச் செய்து முடித்தார். அதே நேரத்தில் கட்டாருக்கு வெல்டர் வேலைக்கு ஒரு வாய்ப்பும் வந்தது. மாத முடிவுக்குள் ஏஜன்சிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உம்மா போகச் சொல்கின்றார். பிள்ளை இங்கேயே பட்டறை போடுவேன் என்கின்றார். இரு தரப்பும் என்னிடம் வந்தபோது, கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றேன். அந்தக் கணக்கு மற்ற வியாபாரிகளுக்கும் உதவும் என்பதாலேயே இதனை எழுதுகின்றேன்.

நீளச் சைக்கிள் என்றால் என்ன?

நாம் ஓடும் சாதாரண சைக்கிளின் முன்சில்லின் மத்திக்கும் பின்சில்லின் மத்திக்கும் இடையில் ஏறக்குறைய 45 அங்குலம் இருக்கும். மருமகன் செய்ததில் அது 64 அங்குலம். சட்டகத்தின் மேற்குழாய் ஹேண்டிலின் அடியிலிருந்து ஒரே வளைவாகப் பின்சில்லு வரை போகின்றது. ஆசனம் தாழ்வாகவும் பின்தள்ளியும் இருக்கும். பெடல் முன்தள்ளி இருக்கும். ஆகவே நிறுத்தும்போது ஆசனத்திலிருந்து இறங்காமலே இரு பாதங்களையும் தரையில் ஊன்றலாம். நேர் பாதையில் அது ஆடாமல் அசையாமல் ஓடும். குறுகிய ஒழுங்கையில் திருப்புவதுதான் சிரமம்.

இதன் ஊர் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா. ஆனால் இதன் மூதாதை சிக்காகோவில் பிறந்தது. ஜேர்மனியிலிருந்து குடியேறிய இக்னாஸ் ஷ்வின் என்பவர் 1895 இல் அங்கு தொடங்கிய சைக்கிள் கம்பனி, 1933 இல் 2.125 அங்குல அகலமுள்ள தடித்த டயருடன் ஒரு சைக்கிளைச் சந்தைக்கு விட்டது. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம் அது. ஆனாலும் பாரமான, உறுதியான அந்த வண்டி சிறுவர்களிடையே பரவியது. இதனைத்தான் பிற்காலத்தில் குரூஸர் என்று அழைத்தார்கள். 1960களிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள், தமது அண்ணன்மார் கார்களைத் தாழ்த்தி அலங்கரித்ததைப் பார்த்துத் தாமும் பழைய சைக்கிள்களை வெட்டி, தாழ்த்தி, நீட்டினார்கள். கடையில் கிடைக்காததால் வீட்டில் செய்தார்கள். அந்தப் பழக்கம்தான் இன்று இணையத்தின் வழியாக எமது பிள்ளைகளையும் வந்து சேர்ந்திருக்கின்றது.

வேலை எப்படி நடந்தது?

முதலில் அவர் பழைய இரும்புக் கடையில் இரண்டு உடைந்த சைக்கிள்களை வாங்கினார். புதிதாகச் செய்ய முடியாத மூன்று பாகங்களுக்காகத்தான் அவை: ஹேண்டில் சுழலும் முன் குழாய், பெடல் அச்சு சுழலும் குழாய், பின்சில்லின் அச்சு உட்காரும் இரு கவைகள். இவற்றின் புரியும் போல்ஸ் கிண்ணங்கள் அமரும் இடமும் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். சாதாரணப் பட்டறையில் அவற்றைக் கடைந்தெடுப்பதை விட வெட்டி எடுப்பதே இலாபம்.

இரண்டாவது, சீமெந்துத் தரையில் முழு அளவில் சோக்கினால் வரைபடம். சில்லு, ஆசனம், பெடல் எல்லாம் உண்மையான அளவில். இந்தப் படத்தில்தான் பெடலின் உயரம் தீர்மானிக்கப்படுகின்றது. பெடல் தண்டு ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அழகுக்காகச் சட்டகத்தை அளவுக்கு மீறித் தாழ்த்தினால் திருப்பத்தில் பெடல் தரையில் இடித்து ஆளைத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே அச்சைத் தரையிலிருந்து பதினொரு அங்குலத்துக்குக் கீழே இறக்கவில்லை.

மூன்றாவது குழாய். ஒன்றேகால் அங்குலக் கறுப்பு இரும்புக் குழாயைத் தெரிவு செய்தார். தண்ணீருக்குப் போடும் நாகமுலாம் பூசிய குழாய் எனது கடையில் மலிவாகவே இருந்தது. ஆனால் அதனை வெல்டிங் செய்யும்போது எழும் நாகப் புகை காய்ச்சலை உண்டாக்கும். ஒட்டும் சரியாகப் பிடிக்காது. வளைப்பதற்குக் குழாயினுள் உலர்ந்த மணலை இறுக்கி அடைத்து, இரு முனைகளையும் மூடி, சூடாக்கி, ஒரு பெரிய சில்லு வளையத்தைச் சுற்றி மெதுவாக இழுத்தார். மணல் இல்லாவிட்டால் குழாய் தட்டையாகிவிடும். மணலில் ஈரம் இருந்தால் நீராவி அடைப்பை வெடித்துத் தள்ளும். அதனால் மணலை முன்னரே தாச்சியில் வறுத்தெடுத்தார்.

நான்காவதுதான் பொறுமைக்குரிய வேலை. ஒரு குழாய் இன்னொரு குழாயில் சேரும் இடத்தில் அதன் நுனியை, மற்றக் குழாயின் உருளையில் இடைவெளியின்றி உட்காரும் விதமாக அரத்தினால் தேய்க்க வேண்டும். இடைவெளி இருந்தால் அதனை வெல்டிங் கம்பியால் நிரப்பி மூடிவிடலாம். வெளியே அழகாகத் தெரியும். உள்ளே பலம் இருக்காது. மருமகன் இந்தத் தேய்ப்பு வேலைக்கு மட்டும் 24 மணித்தியாலங்கள் செலவிட்டிருக்கின்றார்.

ஐந்தாவது வெல்டிங். மெல்லிய குழாயைக் கேட் செய்வது போல ஆர்க் வெல்டிங்கால் ஒட்டப் போனால் ஓட்டை விழும். வாயு விட்டு ஒட்டும் மிக் வெல்டிங் மெஷினைப் பட்டறை முதலாளியிடம் இரவல் வாங்கினார். ஒரு பக்கத்தை முழுதாக ஒட்டினால் சூட்டில் சட்டகம் அந்தப் பக்கம் இழுபடும். ஆகவே முதலில் எல்லா மூட்டுகளிலும் புள்ளி புள்ளியாக, எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிப் பிடிக்க வைத்துப் பின்னரே முழு ஒட்டு.

நேர் பார்ப்பதற்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பின்பக்க ஒரு கவையில் நூலைக் கட்டி, முன் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு கவையில் இறுக்கிக் கட்டினார். நடுவிலுள்ள ஆசனக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரு பக்கமும் சமமாக இருந்தால் சட்டகம் நேர். முதல் தடவை ஒரு பக்கம் கால் அங்குலம் கூடுதலாக இருந்தது. மீண்டும் சூடாக்கித் திருத்தினார்.

நீட்டிய வண்டிக்குக் கடையில் வாங்கும் செயினும் பிரேக் வயரும் போதாது. வழமையான செயினில் 112 கண்ணிகள் இருக்கும். இதற்கு 140க்கு மேல் தேவைப்பட்டதால் இரண்டு செயின்களை வெட்டி இணைத்தார். பின் பிரேக்குக்கு மோட்டார் சைக்கிளின் நீண்ட வயரைப் போட்டார்.

கடைசியாகச் சோதனை. ஆசனத்தின் மீது மூன்று மூடை சீமெந்து, அதாவது 150 கிலோ பாரம், ஓர் இரவு முழுக்க. பின்னர் ஒரு வாரம் குண்டும் குழியுமான பாதையில் ஓட்டம். அதன் பிறகே நிறப்பூச்சு. பூச்சுக்கு முன் ஒவ்வொரு மூட்டிலும் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சோக்குத் தூளைப் பூசினார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் உள்ளே ஊறிய எண்ணெய் வெளியே வந்து சோக்கில் கறுப்புக் கோடாகத் தெரியும். பெயின்ற் அடித்துவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியில்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் பிடித்தது: “மாமா, கேட்டு உடைஞ்சா கேட்டுதான் விழும். இது உடைஞ்சா ஆள் விழும்.”

விலை பேச வந்தவர்

சைக்கிள் கடற்கரைப் பக்கம் இரண்டு தடவை ஓடியதுமே விலைக்குக் கேட்டு ஒருவர் வந்துவிட்டார். 75,000 ரூபா, கைக்காசு. பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. “சாமானுக்குப் போனது நாற்பத்தெட்டரை. மிச்சம் எல்லாம் லாபந்தானே மாமா” என்றார். நான் கொப்பியை எடுத்தேன்.

பழைய சைக்கிள் இரண்டும் 9,000. குழாய் 7,500. வளையம், கம்பி, டயர், டியூப் 16,000. செயின், வயர், போல்ஸ் 5,500. ஆசனம், பெடல், கைப்பிடி 6,000. பெயின்ற் 4,500. கூட்டினால் 48,500. அது சரி.

அவர் எழுதாமல் விட்டது: வெல்டிங் வாயு, கம்பி, வெட்டும் தட்டு, அரத்தாள், மின்சாரம். குறைத்துப் பார்த்தாலும் 6,000. ஆக மிஞ்சுவது 20,500 தான்.

பின்னர் மணித்தியாலங்களை எண்ணினோம். வரைபடமும் வளைப்பும் 22, தேய்ப்பு 24, வெல்டிங் 14, நேர் பார்த்துத் திருத்தியது 16, சில்லும் பூட்டலும் 18, நிறப்பூச்சு 16. மொத்தம் 110. இருபதாயிரத்து ஐந்நூறை 110 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 186 ரூபா. எட்டு மணித்தியால நாளுக்கு 1,490 ரூபா அளவில். இன்று மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கும் கையாள் கூட அந்தக் கூலிக்கு வரமாட்டார். இரவல் மெஷினுக்கு வாடகையும் இதில் இல்லை. நாளை ஒரு மூட்டு விட்டுப்போனால் திருத்திக் கொடுக்கும் செலவும் இல்லை.

“சும்மா இருந்த நேரந்தானே மாமா” என்றார். பொழுதுபோக்குக்கு அது சரியான பதில். தொழிலுக்கு அது பதிலல்ல. பட்டறை போட்ட மறுநாளே அந்தச் சும்மா இருக்கும் நேரம் இல்லாமல் போய்விடும்.

அமெரிக்காவில் நடந்தது

இதே கேள்வியைக் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் 1970களில் சந்தித்தார்கள். 1930, 40களின் பழைய ஷ்வின் குரூஸர்களைக் குப்பை விலைக்கு வாங்கி, மலையிலிருந்து செங்குத்தாக இறங்கும் மண் பாதையில் ஓட்டினார்கள். 1976 இல் அங்கு போட்டிகளே தொடங்கின. இறங்கி முடிவதற்குள் பின்பிரேக் சூடேறிக் கிரீஸ் எல்லாம் எரிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னரும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ‘ரீபெக்’, அதாவது மீண்டும் அடைத்தல், என்று பெயர் வந்தது. பழைய சட்டகங்கள் உடையத் தொடங்கியபோது, 1977 இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிய சட்டகத்தைத் தன் கையால் செய்தார். 1979 இல் கேரி பிஷர், சார்லி கெலி இருவரும், டொம் ரிட்சி செய்த சட்டகங்களைப் பூட்டி விற்க ஒரு சிறு கம்பனியைத் தொடங்கினார்கள். ஒரு வண்டியின் விலை 1,300 டொலருக்கு மேல். அக்காலத்தில் அது பயங்கரமான விலை. ஆனாலும் கைவேலையின் பெறுமதியைச் சேர்த்தே விலை வைத்தார்கள். வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். 1981 இல் ஸ்பெஷலைஸ்ட் என்ற கம்பனி ஜப்பானில் தொகையாகச் செய்வித்து 750 டொலருக்கு இறக்கியதும் உலகமெங்கும் மலைச் சைக்கிள் பரவியது.

ஷ்வின் கம்பனிக்கு என்ன நடந்தது? 1963 இல் அதன் அதிகாரி அல் பிரிட்ஸ், கலிபோர்னியச் சிறுவர்கள் சின்னச் சைக்கிள்களுக்கு உயர்ந்த ஹேண்டிலும் நீண்ட ஆசனமும் பூட்டி ஓடுவதைக் கேள்விப்பட்டு, அதே வடிவில் ‘ஸ்டிங்ரே’ என்ற வண்டியைச் செய்வித்தார். அமோக விற்பனை. ஆனால் தனது பழைய வண்டிகளிலிருந்தே பிறந்த மலைச் சைக்கிளின் பக்கம் அதே கம்பனி உரிய காலத்தில் முழுமனதுடன் திரும்பவில்லை. பழைய தொழிற்சாலை, தொழிலாளர் பிணக்கு, வெளிநாட்டு விநியோகஸ்தர்களில் தங்கியிருந்தமை ஆகியனவும் சேர்ந்து 1992 இல் வங்குரோத்து நிலைக்குச் சென்றது. பின்வளவில் பிள்ளைகள் செய்வதைக் கவனித்த வருடம் இலாபம். கவனிக்காத வருடங்கள் நட்டம். இது பெரிய கம்பனிக்கு மட்டுமல்ல, சந்திக்கடைக்கும் பொருந்தும்.

எமது சந்தையில்

இனி எமது கணக்குக்கு வருவோம். ஒரு சைக்கிளைச் செய்வதற்கும் பத்துச் சைக்கிள்களைச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் அச்சு. குழாய்களை அளவாகப் பிடித்து வைக்கும் இரும்புத் தாங்கி ஒன்றைச் செய்து தரையில் பதித்துவிட்டால் வரைபடமும் நேர் பார்ப்பதும் ஒவ்வொரு தடவையும் தேவையில்லை. வேலை 65 மணித்தியாலமாகக் குறையும் என்பது மருமகனின் மதிப்பீடு. விலை 110,000 ரூபா என்று வைத்தால் சாமானும் சில்லறைச் செலவும் போக 55,500. அதில் கருவித் தேய்மானத்துக்கும் உத்தரவாதத்துக்குமாகப் பத்தாயிரத்தை ஒதுக்கினால் கையில் 45,500. மாதம் இரண்டு விற்றால் 91,000. கட்டாரில் சாப்பாட்டுச் செலவு போக வீட்டுக்கு அனுப்பக்கூடியதும் அதே அளவுதான்.

ஆனால் இலட்சத்துக்கு மேல் கொடுத்து அலங்காரச் சைக்கிள் வாங்க மாதம் இருவர் வருவார்களா? என்னால் அதை நம்ப முடியவில்லை. அவரிடம் அதைத் திறந்தே சொன்னேன்.

பதில் வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. சைக்கிளைப் பார்க்க வந்த பாண் வியாபாரி ஒருவர், “தம்பி, இந்தப் பின்பக்கத்தை மட்டும் என்ட சைக்கிளுக்கு நீட்டித் தர ஏலுமா? ரெண்டு பெட்டி வைக்கணும்” என்று கேட்டார். அடுத்து தேங்காய் விற்பவர். அடுத்து குடிநீர்ப் போத்தல் கொடுப்பவர். அழகுக்காக நீட்டியதை அவர்கள் பாரத்துக்காகப் பார்த்தார்கள். இதுவும் உலகில் நடந்ததுதான். நிக்கராகுவாவில் ஏழை மக்களின் சைக்கிள்களில் பாரம் ஏற்றும் வழியைத் தேடிய ரொஸ் எவன்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், சைக்கிளின் பின்பக்கத்தை நீட்டும் இணைப்பைக் கண்டு 1998 இல் ‘எக்ஸ்ட்ராசைக்கிள்’ என்ற கம்பனியைத் தொடங்கினார். இன்று நீண்ட பாரச் சைக்கிள் மேற்கு நாடுகளில் தனி ஒரு சந்தை.

வாடிக்கையாளரின் சைக்கிளையே கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கத்தைப் பதினைந்து அங்குலம் நீட்டி, பெட்டித் தாங்கியும் பூட்ட சாமான் 12,000, சில்லறைச் செலவு 2,000, வேலை 20 மணித்தியாலம். விலை 30,000. மணித்தியாலத்துக்கு 800 ரூபா விழுகின்றது. 2022 இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்றதையும், அந்த மாதங்களில் சைக்கிள் விலை ஏறிய வேகத்தையும் நாம் மறக்கவில்லை. நடமாடும் வியாபாரிக்கு எரிபொருள் செலவில்லாத வாகனத்தின் பெறுமதி என்னவென்று அன்று எல்லோருக்கும் விளங்கியது.

இன்னொரு விடயத்தையும் எமது உற்பத்தியாளர்கள் கவனத்திற் கொள்ள வேண்டும். 2013 இல் ஐரோப்பிய ஒன்றியம் சீனச் சைக்கிளுக்கு விதித்த 48.5 வீத வரியை இலங்கையிலிருந்து வரும் சைக்கிள்களுக்கும் நீடித்தது. அவர்களது விதிப்படி உதிரிப்பாகப் பெறுமதியில் 60 வீதமோ அதற்கு மேலோ சீனாவிலிருந்து வந்து, இங்கு சேர்க்கப்படும் பெறுமதி உற்பத்திச் செலவின் 25 வீதத்தைத் தாண்டாவிட்டால் அது சுற்றுவழி வர்த்தகம். உண்மையாக உற்பத்தி செய்வதை நிரூபித்த சில கம்பனிகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. பூட்டி விற்பதற்கும் செய்து விற்பதற்கும் உள்ள இடைவெளியை உலகச் சந்தையும் வீதக் கணக்கில்தான் அளக்கின்றது. அந்த இடைவெளியை நிரப்புவது இத்தகைய பிள்ளைகளின் கைகள்தான்.

எடுத்த முடிவு

75,000 ரூபாவுக்கு விற்கவில்லை. அந்த வண்டி பட்டறை வாசலில் நிற்கும். அதுவே விளம்பரப் பலகை. மருமகனுடன் நான் ஐந்து நிபந்தனைகள் பேசியிருக்கின்றேன். ஒன்று, மணித்தியாலத்தை அன்றன்றே கொப்பியில் எழுதுவது. இரண்டு, அரைவாசி முற்பணம் இன்றி இரும்பில் கை வைப்பதில்லை. மூன்று, ஒவ்வொரு சட்டகத்திலும் இலக்கம் அடித்து, சோதனை செய்த திகதியையும் தாங்கக்கூடிய பாரத்தையும் எழுதிக் கொடுப்பது. நான்கு, மனிதன் ஏறும் வண்டியில் சோக்குச் சோதனைக்கு முன் பெயின்ற் இல்லை. ஐந்து, இந்தச் சட்டகத்துக்கு மோட்டார் பூட்டித் தரச் சொன்னால் எவ்வளவு கொடுத்தாலும் மறுப்பது.

எனது பங்கு ஒரு மிக் வெல்டிங் மெஷினும் ஆறு மாதத்துக்குக் குழாய்க் கடனும். மெஷின் நன்கொடையல்ல; மாதத் தவணையில் திருப்ப வேண்டும். ஏஜன்சிக்கு இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டோம். ஆறு மாதக் கொப்பி நாளுக்கு ஐயாயிரத்துக்குக் குறைவாகக் காட்டினால் கட்டார் போவதற்கு நானே டிக்கெட் எடுத்துத் தருவதாக அவரது உம்மாவுக்கு வாக்களித்திருக்கின்றேன். தங்கச்சி முழு மனதுடன் சம்மதித்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் கொப்பியை வாரா வாரம் தனக்குக் காட்ட வேண்டும் என்று ஆறாவது நிபந்தனையை அவரே போட்டார்.

உங்கள் வீட்டிலும் பின்வளவில் எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். காசை நீட்டுவதற்கு முன் ஒரு கொப்பியை நீட்டுங்கள். எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் சரியான விடை எழுதப் பழகிய பிள்ளையிடம் முதலீடு செய்ய எந்த வியாபாரியும் தயங்க வேண்டியதில்லை.